ஆச்சியின் களிம்பும் நாம் கற்ற பாடமும்

எமது கிராமங்களிலே ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் அயலுக்கெல்லாம் தெரியும். பல்லுவலி வந்தால் பக்கத்து வீட்டார் கராம்பு கொண்டு வருவார்கள். ஆனால் அவளுக்கு வெள்ளைபடுகிறது, மறைவிடத்தில் கடிக்கிறது, எரிகிறது என்றால் அச்செய்தி அவளை விட்டு வெளியே போவதில்லை. கணவனிடம் சொல்ல வெட்கம். தாயிடம் சொன்னால் "சூடு பிள்ளை, இளநீரைக் குடி" என்ற பதில். வைத்தியசாலைக்குப் போனால் ஆண் வைத்தியர். ஆகவே அவள் பொறுத்துக்கொள்கிறாள்; அல்லது இரகசியமாக எதையாவது பூசிக்கொள்கிறாள்.

அந்த 'எதையாவது' பற்றியதே இக்கட்டுரை. இவ்விடயத்தை ஒரு குருவானவர் எழுதலாமா என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாமும் முதலில் தயங்கினோம். ஆனால் எமது கவனக்குறைவுக்கு ஒரு தாய் கொடுத்த விலையை அறிந்த பின்னர் மௌனமாயிருப்பது சரியென எமக்குப் படவில்லை.

கிணற்றடியில் வெளிவந்த கதை

2010ஆம் ஆண்டில் மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்குப் பகுதியில் மக்கள் மீளக்குடியேறியபோது எமது அபிவிருத்திக் குழுவும் அவர்களோடு சென்றது. கூரைத்தகடு, கிணறு துப்புரவாக்கல், விதைநெல் என்பனவே எமது பட்டியலில் இருந்தன. பெண்களின் நோய்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

எம்மோடு பணியாற்றிய அருட்சகோதரி ஒருவர் தாதிப் பயிற்சி பெற்றவர். மாலை வேளைகளில் அவர் கிணற்றடியில் பெண்களோடு கதைத்துக்கொண்டிருப்பார். அங்கேதான் உண்மை வெளிவந்தது. இடப்பெயர்விலும் முகாமிலும் போதிய நீரின்றி, மறைவின்றி, மாற்றுத் துணியின்றிக் காலம் கழித்தவர்கள் அவர்கள். மாதவிடாய்த் துணியை வெயிலில் உலர்த்த இடமிருக்கவில்லை. ஈரத்துணியையே மீண்டும் கட்டினார்கள். தொடையிடுக்கிலும் மார்பின் கீழும் படை, புண், கடி. கிளினிக் தூரம், பஸ் நாளுக்கு இரண்டு தடவை.

அவ்வூரில் எழுபது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர் இருந்தார். அவருடைய தாயார் ஊர் மருத்துவிச்சி, பேரனார் பரியாரியார். நாம் நேரே சென்று விசாரித்தபோது அவர் சிரித்தார். "சுவாமி, உது பொம்பிளையளின்ர கதை. சிஸ்ரரை அனுப்புங்கோ, சொல்லுறன்" என்றார். சிஸ்ரர் மூன்று நாட்கள் அவருடைய குசினியில் இருந்து ஒரு கொப்பி நிறைய எழுதிக்கொண்டு வந்தார்.

ஆச்சியின் குசினி

ஆச்சியின் கைவசம் மூன்று பூச்சுகள் இருந்தன.

முதலாவது வண்டுகொல்லிக் களிம்பு. மஞ்சட் பூங்கொத்து மெழுகுதிரி போல நிமிர்ந்து நிற்கும் இச்செடியைத் தமிழகத்தார் சீமை அகத்தி என்பர். இதன் இலையில் படையை உண்டாக்கும் பூஞ்சணத்தை அடக்கும் பொருட்கள் உள்ளன. தமிழகத்துச் சித்த மருத்துவத்திலும் சீமை அகத்திக் களிம்பு வழக்கிலுள்ள மருந்தே. அரை லீற்றர் தேங்காயெண்ணெயில் இலைச்சாற்றை விட்டு இளந்தீயில் காய்ச்சி, வடித்து, சூட்டோடு சுமார் 100 கிராம் தேன்மெழுகைக் கரைத்து ஆறவிடுவார் ஆச்சி. எமது வெயிலில் மெழுகு இதிலும் குறைந்தால் களிம்பு உருகி ஓடும்.

இதிலே பதம் பார்ப்பதுதான் நுட்பம். எண்ணெயில் நீர் எஞ்சினால் சில நாட்களில் களிம்பு பூஞ்சணம் பிடிக்கும், மருந்தே நோயாகும். இதற்காகச் சட்டியின் அடியில் தங்கும் கற்கத்தை ஆச்சி விரலால் உருட்டிப் பார்ப்பார். அது மெழுகுபோல் திரளவேண்டும். பின் அதில் ஒரு துளியை நெருப்பில் இடுவார். சடசடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது. சத்தமின்றி எரிந்தால் நீர் வற்றிவிட்டது. வெப்பமானியும் தராசும் இல்லாத குசினியில் இதைவிடச் சிறந்த பரிசோதனை ஒன்றை எம்மால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது கழுவிய நெய். பசுநெய்யைச் செப்புப் பாத்திரத்திலிட்டு, குளிர்ந்த நீர் விட்டுக் கையால் அடித்து, நீரை வடித்து, மீண்டும் நீர் விட்டு, இவ்வாறு நூறுமுறை கழுவுவது. முடிவில் நெய்மணம் போய், வெண்மையாகி, மென்மையாகப் பொங்கி நிற்கும். ஆயுர்வேத நூல்களும் இதைச் சததௌத கிருதம் என்று கூறும். பாலூட்டும் தாயின் முலைக்காம்பு வெடிப்புக்கும், மாதவிடாய் நின்ற பெண்களின் வெளித்தோல் வறட்சிக்கும் ஆச்சி கொடுத்தது இதுவே. கைப்பு இல்லாததால் பிள்ளை பாலை மறுக்காது.

மூன்றாவது குங்கிலிய வெண்ணெய். குங்கிலியத்தைப் பொடித்து நல்லெண்ணெயில் இளந்தீயில் உருக்கி, நீரில் ஊற்றி, அடித்தடித்து நீரை மாற்றினால் வெண்ணெய்போல் திரளும். சித்த வைத்தியத்தில் எரிகாயத்துக்கும் மூலத்துக்கும் வெள்ளைபடுதலுக்கும் பேர்பெற்றது இது.

இவை யாவும் திடீரென முளைத்த கைமருந்துகள் அல்ல. யாழ்ப்பாண இராச்சிய காலத்திலேயே செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் எழுந்தன. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தேடித் தொகுத்து அச்சேற்றினார். மறுபுறத்தில், 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேறு பற்றிய நூலையும் தமிழில் தந்தார். 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவத்தில் பட்டக்கல்வி அளித்து வருகிறது. இரண்டு வைத்திய மரபுகளும் எமது மண்ணில் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்தவை. ஒன்றை ஒன்று கேட்டு நடக்காதபோதுதான் ஆபத்து நேர்கிறது.

எமது பிழை

2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாதர் சங்கம் இக்களிம்புகளைச் சிறு ரின்களில் அடைத்து விற்கத் தொடங்கியது. பெண்கள் விரும்பி வாங்கினார்கள். படை ஆறியது, கடி தணிந்தது, சங்கத்தின் கையிலும் சிறிது காசு சேர்ந்தது. நாமும் பெருமைப்பட்டோம். வந்த விருந்தினர்க்கெல்லாம் ரின்னைக் காட்டினோம்.

ரின்னில் ஒட்டுவதற்குத் துண்டு ஒன்று வேண்டியிருந்தது. அதை எழுதியவர்கள் நாம். 'பெண்களின் சகல உபாதைகளுக்கும் உகந்த மூலிகைக் களிம்பு' என்று எழுதினோம். சிஸ்ரரின் கொப்பியிலே ஆச்சி சொன்னதாக இன்னொரு வரியும் இருந்தது: 'இரத்தம் கண்டால் பூசப்படாது.' ரின் சிறியது, இடம் போதாது என்று அவ்வரியை விட்டுவிட்டோம்.

அவ்வூரில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர். வயது 41. கணவர் 2009இல் காணாமற் போனவர். கூலிவேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தார். மாதம் ஒரு ரின் தவறாமல் வாங்குவார். களிம்பில் நல்ல நம்பிக்கை என்றே நாம் எண்ணினோம். ஒரு பெண் ஏன் மாதந்தோறும் வாங்குகிறாள் என்று எவரும் கேட்கவில்லை. எட்டாவது மாதம் அவர் வயலில் மயங்கி விழுந்தபோதே சிஸ்ரர் விடயத்தை அறிந்தார். துர்நாற்றத்தோடு நீராக வெள்ளை. பாரம் தூக்கினால் இரத்தக்கசிவு. இடுப்பில் நோ. "சகல உபாதைக்கும் எண்டு போட்டிருந்தது சிஸ்ரர், அதுதான் மாறும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாராம்.

மன்னார் வைத்தியசாலையில் பரிசோதித்து மகரகமவுக்கு அனுப்பினார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், ஏற்கெனவே பரவிவிட்டது. கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். 2013இன் நடுப்பகுதியில் அவர் காலமானார். பிள்ளைகள் அம்மம்மாவோடு இருக்கிறார்கள்.

எட்டு மாதம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த எட்டு மாதத்தை எடுத்துக்கொண்டது எமது துண்டில் இருந்த 'சகல' என்ற ஒரு சொல். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் சொன்னனான் சுவாமி. நீங்கள் எழுதேல்லை" என்றார்.

மரபு வைத்தியம் அறிவற்றது என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். அம்மரபு தன் எல்லையை அறிந்திருந்தது. எல்லையை அழித்தவர்கள் படித்த நாமே.

வெள்ளை எல்லாம் ஒன்றல்ல

அதன் பின்னர் களிம்பு விற்பனையை நிறுத்தி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் உதவியோடு பெண்களுக்கும், தனியாக ஆண்களுக்கும், வகுப்புகள் நடத்தினோம். அங்கே கற்றவற்றின் சாரம் இது.

பெண்ணுறுப்பின் உட்பகுதி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் இயல்புடையது. தயிரைப் புளிக்கச் செய்யும் கிருமிகளின் உறவுக் கிருமிகள் அங்கே வாழ்ந்து, ஒருவகைப் புளிப்புத்தன்மையைப் பேணுகின்றன. அப்புளிப்பு மற்றைய கிருமிகளை அண்டவிடாது. மாதத்தின் நடுப்பகுதியிலும் கர்ப்ப காலத்திலும் தெளிவாக, மணமின்றி, கடியின்றிப் படும் வெள்ளை இயற்கையானது. அதற்கு மருந்து தேவையில்லை.

தயிர்க்கட்டி போன்று திரண்டு, கடுமையாகக் கடித்தால் அது பெரும்பாலும் பூஞ்சணத் தொற்று. குளோற்றிமசோல் மாத்திரையை உள்ளே வைப்பதால் பொதுவாக மாறும். அது மீண்டும் மீண்டும் வந்தால் இரத்தத்தில் சீனியைப் பரிசோதிக்க வேண்டும். நீரிழிவின் முதல் அறிகுறி சிலருக்கு இதுவே.

சாம்பல் நிறமாக, மீன்நாற்றத்தோடு பட்டால் உள்ளிருக்கும் நற்கிருமிகளின் சமநிலை குலைந்துவிட்டது என்று பொருள். மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்துப் பட்டால் அது பாலுறவால் தொற்றும் நோயாக இருக்கலாம். இவற்றுக்கு மெற்றோனிடசோல் போன்ற மருந்தை வைத்தியர் கொடுப்பார். பின்னையதில் கணவனும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும். மனைவிக்கு மட்டும் மருந்து கொடுப்பது ஓட்டைக் கூரையின் கீழ் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும். முன்னோர் 'வெட்டை' என்று பெயரிட்டுத் தனியே வைத்த நோயும் இவ்வகையதே. எந்தக் களிம்பும் இவற்றை மாற்றாது. அறிகுறியைச் சிறிது தணித்து, நோயை உள்ளே வளரவிடும். அது கருக்குழாய்வரை ஏறினால் பிள்ளைப்பேறே இல்லாமற் போகலாம்.

மாதவிடாய் நின்ற பின் ஒரு துளி இரத்தம் கண்டாலும், இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ உடலுறவின் பின்னரோ இரத்தம் கண்டாலும், நாள் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

களிம்புக்கு உரிய இடம்

அப்படியானால் களிம்புக்கு இடமே இல்லையா? உண்டு. வெளித்தோலே அதன் இடம்.

தொடையிடுக்கு, மார்பின் கீழ், இடுப்புக்கட்டு ஆகிய இடங்களில் வரும் படைக்கு வண்டுகொல்லிக் களிம்பு பூசலாம். கழுவி, நன்றாக உலர்த்திய பின்னரே பூசவேண்டும். இரண்டு கிழமையில் மாறாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

முலைக்காம்பு வெடிப்புக்குக் கழுவிய நெய் இதம் தரும். ஆனால் வெடிப்பின் காரணம் பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் கவ்விக் குடிப்பது. காம்பைச் சுற்றியுள்ள கரிய வட்டத்தின் பெரும்பகுதி பிள்ளையின் வாய்க்குள் போகவேண்டும். அதைச் சரிசெய்யாமல் எதைப் பூசியும் பயனில்லை. மார்பு சிவந்து, கட்டியாகிக் காய்ச்சலும் வந்தால் பூச்சை விட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

பிள்ளையை இழந்த தாயின் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டும் வழக்கத்தையும் ஆச்சி சொன்னார். நாம் அதை வெறும் நம்பிக்கை என்றே எண்ணினோம். ஆனால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1988இல் வெளியிட்ட ஆய்விலே, மல்லிகைப்பூ பால் சுரப்பைத் தூண்டும் ஓமோனைக் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அதே நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட ஆங்கில மருந்து அதைக் கூடுதலாகக் குறைத்தபோதிலும், பூவும் வேலை செய்தது. ஆகவே, பால் கொடுக்கும் தாய் பால்கட்டுக்கு இதை வைக்கலாகாது, பாலே குறைந்துவிடும். அவள் பிள்ளைக்கு அடிக்கடி கொடுத்து, மிஞ்சியதைக் கையால் பீச்ச வேண்டும்.

வேப்பெண்ணெய் பற்றியும் கூறவேண்டும். புதுடில்லியிலுள்ள தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் பேராசிரியர் தல்வார் தலைமையிலான குழுவினர் வேம்பையும் வேறு மூலிகைப் பொருட்களையும் சேர்த்து 'பிரனீம்' என்ற மருந்தை உருவாக்கி, வெள்ளைபடும் பெண்களில் பரிசோதித்தனர். அது அளவிட்டு, தூய்மையாக்கி, வைத்தியர் கண்காணிப்பில் கொடுக்கப்பட்ட மருந்து. கடையில் போத்தலில் வாங்கும் வேப்பெண்ணெய் அதற்கு ஈடாகாது. வேப்பெண்ணெய் விந்தணுவைச் செயலிழக்கச் செய்வது. பிள்ளை வேண்டுவோரும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்குப் பருக்கவே கூடாது. அதனால் வலிப்பும் மூளைப் பாதிப்பும் ஏற்பட்டதை 1981இல் மலேசிய வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

செய்யத் தகாதவை

எந்தக் களிம்பையும், கழுநீரையும், சவர்க்காரத்தையும் உள்ளே இடவேண்டாம். அவை அந்த இயற்கைப் புளிப்பைக் கெடுத்து நோயை வரவழைக்கும். குங்கிலிய வெண்ணெயை உட்கொள்வதும் உள்ளே இடுவதும் பட்டம் பெற்ற சித்த வைத்தியரின் பொறுப்பு. நாமாகச் செய்யும் காரியம் அல்ல.

படிகாரம், மாசிக்காய், சுண்ணாம்பு ஆகியவற்றை வைத்தால் 'இறுகும்' என்று நம்பும் பெண்கள் உளர். அவை மென்தோலைப் பொசுக்கிப் புண்ணாக்கும். அடியிறக்கம் உள்ளவர்களுக்கு இவற்றால் பயனில்லை. தொடக்க நிலையில் இடுப்புத்தசைப் பயிற்சியும், பின்னர் வைத்தியர் வைக்கும் வளையமும், தேவையானால் சத்திரசிகிச்சையுமே வழி. நீர்க்குடமும் விறகும் சுமப்பதை வீட்டார் பகிர்ந்துகொள்வதும் மருந்தே.

இரசம், இலிங்கம், துத்தம் சேர்ந்த களிம்புகளை மறைவிடத்தில் பூசவே கூடாது. பிள்ளைப்பேற்றின் பின் கிழிந்த இடத்திலும், தையல் போட்ட இடத்திலும், பச்சிளம் பிள்ளையின் தொப்புளிலும் எந்தக் கைமருந்தும் வேண்டாம். எண்ணெய் சேர்ந்த எந்தப் பூச்சும் ஆணுறையின் இறப்பரைக் கெடுக்கும் என்பதையும் தம்பதியர் அறிந்திருக்க வேண்டும்.

இன்றைய ரின்

சங்கத்தின் களிம்பு மீண்டும் வெளிவருகிறது. ஊர்ச் சித்த வைத்தியர் ஒருவர் பதத்தையும் மூலிகையையும் பார்க்கிறார். ரின்னின் மூடி சற்றுப் பெரிதாகியிருக்கிறது. அதில் இப்போது நான்கு வரிகள் உள்ளன: வெளித்தோலுக்கு மட்டும். இரண்டு கிழமையில் மாறாவிட்டால் வைத்தியரிடம் காட்டுக. நாற்றமோ காய்ச்சலோ அடிவயிற்று நோவோ இருந்தால் பூசாதீர். இரத்தம் கண்டால் பூசாதீர். கடைசி வரி ஆச்சியினுடையது. ஒரே பெண் மூன்றாவது ரின்னுக்கு வந்தால், விற்பவர் அவளைத் தனியே அழைத்துக் கதைக்க வேண்டும் என்பதும் சங்கத்தின் விதி.

எமது நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்தை அங்கே இலவசமாகப் பரிசோதிப்பார்கள். சில நிமிட வேலை. புற்றுநோயாக மாறுமுன்பே மாற்றத்தைக் கண்டுபிடிக்கலாம். இறந்துபோன அத்தாய்க்கு 35 வயதானது 2006இல். அவ்வாண்டில் போர் மீண்டும் மூண்டிருந்தது. பரிசோதனையை யார் நினைத்தார்கள்? இந்நோய்க்குக் காரணமான வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடப்பட்டு வருகிறது. 'பிள்ளை சின்னன், ஏன் இந்த ஊசி' என்று கையொப்பமிட மறுக்கும் பெற்றோரை நாம் சந்திக்கிறோம். அவர்களிடம் இக்கதையையே சொல்கிறோம்.

ஆச்சி இன்று எம்மோடு இல்லை. அவருடைய செப்புப் பாத்திரம் சங்கத்தில் இருக்கிறது. நெய் கழுவ அதையே பாவிக்கிறார்கள். அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஓர் ஆச்சி இருப்பார். அவரிடம் சென்று கேளுங்கள், எழுதிவையுங்கள். எழுதும்போது, எது எதற்கு ஆகும் என்று அவர் சொல்வதோடு, எதற்கு ஆகாது என்று சொல்வதையும் விடாமல் எழுதுங்கள். உங்கள் வீட்டில் 35 வயதான பெண் ஒருவர் இருந்தால், அடுத்த கிளினிக் நாள் எதுவென்று குடும்பநல உத்தியோகத்தரிடம் இக்கிழமையே விசாரியுங்கள்.